பல் டாக்டருக்கு முன்னாடியே மலையேறிய பிஸ்கட் பாக்கெட்... ஜவ்வாது மலை சொல்லும் பாடம்!

ஜவ்வாது மலைக்கு ஒரு தடவையாவது ட்ரிப் போயிருப்பீங்க. போகலைன்னாலும் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. போளூர்ல இருந்து வளைஞ்சு வளைஞ்சு ஏறுற ரோடு, ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, கோமுட்டேரி படகுத்துறை, காவலூர் தொலைநோக்கி... திரும்பி வரும்போது ஒரு பாட்டில் மலைத்தேன், ரெண்டு கிலோ சாமை அரிசி. நம்மில் பலருக்கு ஜவ்வாது மலை என்றால் இவ்வளவுதான்.

அடுத்த முறை போகும்போது, டீ குடிக்க வண்டியை நிறுத்துற இடத்துல பெட்டிக்கடை வாசலைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அங்கே சரம் சரமாகத் தொங்குவது அஞ்சு ரூபா சிப்ஸ், அஞ்சு ரூபா பிஸ்கட், கலர் கலரா ஜெல்லி, மிட்டாய். உங்க தெருமுனைக் கடையில தொங்குற அதே சரம்தான். சாமை விளையுற மலையில, ஒரு குழந்தை கையில காசு கிடைச்சா உடனே வாங்கக் கூடியது இதுதான்.

"ஒரு பிஸ்கட் பாக்கெட்ல என்ன பாஸ் ஆகிடப் போகுது?"ன்னு தோணும். ஒரு பாக்கெட்ல எதுவும் ஆகாது. ஆனா அந்த பாக்கெட் எத்தனை தடவை வாய்க்குள்ள போகுது, பல் வலிச்சா போக டாக்டர் எவ்வளவு தூரத்துல இருக்கார், வீட்டுச் சாப்பாட்டுல இருந்து எது காணாமப் போச்சு... இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய கதை கிடைக்கிறது. மலைக்கு மட்டுமான கதை இல்லை அது. நீங்க சென்னையில இருந்தாலும், திருப்பூர்ல இருந்தாலும் உங்க வீட்டுக் குட்டியோட கதையும் அதுக்குள்ள இருக்கு.

முதல்ல, பல்லுக்குள்ள என்ன நடக்குது?

நம்ம வாயில எப்பவும் பாக்டீரியா இருக்கும். நாம சர்க்கரை சாப்பிட்டா அதுவும் சேர்ந்து சாப்பிடும். சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடும். வாயோட பிஹெச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லோட மேல்பூச்சான எனாமல்ல இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் மெதுவா வேலை செஞ்சு அந்த அமிலத்தைச் சரிபண்ணி, இழந்த தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுக்கும். இதுக்கு அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

அதாவது, பல் தினமும் கரையுது, தினமும் சரியாகுது. சரியாக நேரம் கொடுக்காம அடுத்த ரவுண்டு இனிப்பு உள்ள போனா, கரையுறது மட்டும்தான் நடக்கும். அதுதான் சொத்தை.

இப்போ ஒரு எட்டு வயசுப் பிள்ளையோட நாளை எடுத்துக்குங்க. காலையில டீயில தொட்ட பிஸ்கட். பத்தரை மணி இன்டர்வெல்ல மிட்டாய். மதியச் சாப்பாடு. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் ஒரு பாக்கெட். ஆறரை மணிக்கு மறுபடி டீ. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை போட்ட பால். பட்டியல்ல பெரிசா எதுவுமே இல்ல. ஆனா சாப்பாட்டைத் தவிர்த்து அஞ்சு தடவை. தடவைக்கு அரை மணி நேரம்னு குறைச்சு வெச்சாலும், இரண்டரை மணி நேரம் பல் அமிலத்துல ஊறுது. அதுவும் கடைசி ரவுண்டு தூங்கப் போறதுக்கு முன்னாடி. தூக்கத்துல எச்சில் ரொம்பவே குறைவாச் சுரக்கும். காவலாளி தூங்குற நேரத்துல கதவைத் திறந்து வெச்ச மாதிரி.

எவ்வளவு சாப்பிடுறோம் என்பதோடு, எத்தனை தடவை சாப்பிடுறோம் என்பதும் முக்கியம்னு சொன்ன ஆய்வு ரொம்பப் பழசு. 1940-களின் இரண்டாம் பாதியில் ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற காப்பகத்தில் நடந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவங்களுக்கு சொத்தை பெரிசா கூடல. சாப்பாட்டுக்கு நடுநடுவே பல்லில் ஒட்டுற டாஃபி சாப்பிட்டவங்களுக்கு மளமளன்னு கூடுச்சு. அறிவு வளர்ச்சி குறைந்த நோயாளிகள் மேலே நடத்தப்பட்ட ஆய்வு அது. இன்னைக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது. ஆனா பல் மருத்துவத்துல அதோட முடிவு இன்னும் பேசப்படுது.

"அப்போ இனிப்பு இல்லாத சிப்ஸ் ஓகேவா?"ன்னு கேட்டா, அதுவும் இல்லை. மாவுச்சத்து மெல்லிய தூளா உடைஞ்சு கடைவாய்ப் பல்லின் பள்ளத்துல போய் அப்பிக்கும். எச்சிலே அதைச் சர்க்கரையா உடைக்கும். நாக்குல இனிப்பு தெரியாது, அவ்வளவுதான்.

மலையில் முன்னாடி என்ன சாப்பிட்டாங்க?

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்கள்ல பரவிக் கிடக்கு. இங்கே பெரும்பான்மையா வாழ்றவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் குழப்பிக்காதீங்க. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது.

இவங்களோட முக்கியப் பயிர் சாமை. மழையை மட்டுமே நம்பி, சரிவான நிலத்துல, மூணு மூணரை மாசத்துல விளையுற தானியம். சாமைச் சோறு, சாமைக் கஞ்சி, கேழ்வரகுக் களி, கூழ். கூட துவரை, கொள்ளு, கீரை. அந்தந்தப் பருவத்துக்குப் பலா, சீத்தா, கொய்யா, நெல்லி. மென்னு சாப்பிட வேண்டிய சாப்பாடு, வேளாவேளைக்கு. நடுவுல கொறிக்கக் கடையும் இல்ல, காசும் இல்ல.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும். "அந்தக் காலத்துல எல்லாரும் ஆரோக்கியமா இருந்தாங்க"ன்னு ரொமான்டிசைஸ் பண்ற வேலை நமக்கு வேண்டாம். பசி இருந்தது. பிரசவத்துல அம்மாக்கள் இறந்தாங்க. சாமையோட மேல்தோலை உரலில் இடிச்சு நீக்கறது பெண்களோட முதுகை ஒடிச்ச வேலை. ரேஷன்ல அரிசி வந்தது பெரிய நிம்மதி. தமிழ்நாட்டில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இருந்து விலையே இல்லை. கழுவி உலையில போட்டா சோறு. யார்தான் உலக்கையைத் தூக்குவாங்க?

ஆனா அந்த மாற்றத்துல கைவிட்டுப் போனது என்னன்னும் பார்க்கணும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து 7.7 கிராம். தீட்டிய பச்சரிசியில் புரதம் சுமார் 8 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம். கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூட எட்டாது.

இதனால "சாமை சாப்பிட்டா சொத்தையே வராது"ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. சாமை பல் மருந்து கிடையாது. வயிறு நிறைய, நார்ச்சத்தோட ஒரு வேளை சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துல பாக்கெட் தேடத் தோணாது. பலன் அங்கேதான் இருக்கு.

பல் வலி வந்தா எங்கே போறது?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்துல உள்ள அல்லேரி மலையில பாம்பு கடிச்சு ஒன்றரை வயசுக் குழந்தை இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். சரியான ரோடு இல்லாததால குழந்தையின் உடலை அம்மா சுமந்து நடந்து போன செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. உயிர் போற அவசரத்துக்கே இதுதான் நிலைமைன்னா, ஒரு பிள்ளையோட பல் வலிக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ் பிடிச்சு, போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கறது யாருக்குச் சாத்தியம்?

அதனால பல் வலி தள்ளிப்போடப்படும். கிராம்பு வெச்சுப் பார்ப்பாங்க, உப்புத் தண்ணியில கொப்பளிப்பாங்க. "பால் பல்தானே, விழுந்துடும்"னு சமாதானம் சொல்லுவாங்க. இந்தச் சமாதானத்தை நகரத்துலயும் நாம தாராளமா சொல்றோம்.

பால் பல் மொத்தம் 20. அதுல கடைவாய்ப் பற்கள் சில 10 முதல் 12 வயசு வரை வாயில இருக்க வேண்டியவை. நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கிறதும் அதுங்கதான். சொத்தை ஆழமாப் போனா வலி, சீழ், காய்ச்சல். வலிக்கிற பிள்ளை மெல்லாது. மெல்லாத பிள்ளை சரியாச் சாப்பிடாது. கஞ்சியும் டீயில ஊறின பிஸ்கட்டும்தான் இறங்கும். ராத்திரி தூக்கம் கெடும். காலையில ஸ்கூலுக்கு லீவு. ஒரு பல், எடை, படிப்பு, மனநிலை எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும்.

தமிழ்நாட்டுல ஏற்கெனவே 6 மாதம் முதல் 5 வயதுக்குள்ளான குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. இந்தப் பிள்ளைகள் வயித்துல சாப்பாட்டுக்கான இடத்தை பாக்கெட் பிடிச்சுக்கிட்டா நஷ்டம் ரெட்டிப்பு. பல்லும் போகும், சத்தும் போகும்.

உலக அளவுலயும் இது சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வாய் நல அறிக்கைப்படி, பால் பல் சொத்தை உள்ள குழந்தைகள் சுமார் 51 கோடி.

அரசின் ஒரு கையும் இன்னொரு கையும்

இப்போ அரசுகள் என்ன செய்யுதுன்னு பார்க்கலாம். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகுது.

ஒரு கை நல்லாவே கொடுக்குது. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பின்னாளில் சேர்ந்த முட்டை. இந்த வரிசையில 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். முதல் கட்டத்துல 1,545 அரசுப் பள்ளிகள். அதில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிஞ்சது. ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார்.

பசியை ஆத்துற திட்டம்னு மட்டும் இதைப் பார்க்காதீங்க. பல் கோணத்துல பார்த்தாலும் இது அருமையான திட்டம். வெறும் வயித்துல டீயும் பிஸ்கட்டும்னு இருந்த காலையை, சூடான ஒரு வேளைச் சாப்பாடா மாத்துது. பத்தரை மணி மிட்டாய்க்கான பசியை அடக்குது.

இந்தத் திட்டத்துக்கான உத்தரவுல, வாரத்துல ரெண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில விளையுற சிறுதானியத்துல சிற்றுண்டி கொடுக்கலாம்னு இடம் இருக்கு. அப்போ ஜவ்வாது மலையில அது சாமை உப்புமா, சாமைப் பொங்கல்னுதானே இருக்கணும்? "கொடுக்கலாம்" என்ற வார்த்தை "கொடுக்கணும்"னு மாறணும்னா, சாமையை யாராவது நிலையான விலைக்கு வாங்கணும். சிக்கல் அங்கேதான்.

மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியல்ல நெல் உண்டு, சோளம் உண்டு, கம்பு உண்டு, கேழ்வரகு உண்டு. சாமை இல்லை. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. கொண்டாடியது. நாமளும் சேர்ந்து கொண்டாடினோம். ஆனா மலைச் சரிவுல சாமை போட்டவருக்கு அந்த விலை உத்தரவாதம் வரல. சத்தீஸ்கர் மாநில அரசு இதே சாமைக்கு (அங்கே குட்கி) 2021-ல் தன் சார்பில் கொள்முதல் விலை அறிவிச்சது. அப்படின்னா மாநில அளவுல முடியாத காரியம் இல்லை.

நம்ம ஊர்லயே முன்மாதிரி இருக்கு. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதே தர்க்கத்துல, ஜவ்வாது மலை ரேஷன் கடையில ஜவ்வாது மலைச் சாமை கிடைக்கணும்னு கேட்பது நியாயமான கேள்வி. இன்னைக்கு உரலும் உலக்கையும் வேண்டியதில்லை. தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்தாச்சு. அரைச்ச சாமை நகரத்து ஆர்கானிக் கடைக்குப் போகுது. விளைவிச்ச வீட்டுப் பிள்ளை தட்டுக்கு வர்றதுக்குத்தான் வழி சரியில்லை.

இன்னொரு கைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. டூத் பிரஷ், டூத் பேஸ்ட் வரி 18-ல் இருந்து 5 சதவிகிதமா குறைஞ்சது. சூப்பர். அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18-ல் இருந்து 5 ஆனது. பல்லைக் காப்பாத்துற பொருளும், பல்லைக் கெடுக்கிற பொருளும் ஒரே வரிப் படியில போய் நின்னுடுச்சு. கோலா வகைக் குளிர்பானங்களுக்கு மட்டும் 40 சதவிகிதம். நல்ல முடிவு. ஆனா மலையிலயும் சரி, நகரத்துலயும் சரி, சின்னப் பிள்ளைகளோட தினசரிப் பழக்கம் கோலா இல்லை. அது அஞ்சு ரூபா பாக்கெட்.

விதிகள் இல்லாமலும் இல்லை. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்லுது. உங்க பழைய ஸ்கூல் வாசலை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 50 மீட்டர்? அஞ்சு மீட்டர்கூட இருக்காது. மலைக் கிராமத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்கே இருக்கிறது ஒரு கடை, அது ஸ்கூலுக்குப் பக்கத்துல. அந்தக் கடைக்காரரை விரட்டி என்ன ஆகப் போகுது? அதே கடையில வேர்க்கடலை, அவிச்ச கொண்டைக்கடலை, கொய்யா கிடைக்க மகளிர் குழுக்கள் மூலமா வழி செய்தால் அர்த்தம் இருக்கு.

பல் பரிசோதனைக்கும் திட்டம் இருக்கு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு வருஷம் ஒரு தடவையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கணும். அவங்க பார்க்க வேண்டிய பட்டியல்ல பல் சொத்தையும் இருக்கு. ஆனா "சொத்தை இருக்கு"ன்னு எழுதிக் கொடுத்தா போதுமா? அடுத்த படி அந்தப் பிள்ளை மலையிறங்கிப் போகணும். மேலே சொன்ன கூலி, பஸ் கணக்கு மறுபடியும் வந்து நிக்கும். அதனால சிகிச்சைக்கான நாற்காலியும் குழுவோட மலையேறணும். பெற்றோர் வேலைக்காக வெளியூர் போயிருக்க, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். சாப்பாடும் பிரஷ்ஷும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே இருக்கு. மாத்தணும்னு நினைச்சா, சீக்கிரம் மாத்தக் கூடிய இடமும் அதுதான்.

"நாங்க தேன்தான் கொடுக்கிறோம்!"

நகரத்துப் பெற்றோர்கிட்ட இப்போ ஒரு புது நம்பிக்கை. வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, மலைத்தேன் எல்லாம் சேஃப்னு. பல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது மக்களே. உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாறையும் சர்க்கரைக் கணக்குலதான் சேர்க்குது. மொத்த கலோரியில் இந்தச் சர்க்கரை 10 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவிகிதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு 2015-ல் வழிகாட்டியது. ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த 5 சதவிகிதம்னா ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம், அதாவது அஞ்சு டீஸ்பூன்.

ஆனா நிஜம் என்ன? 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள்ல 'சுகர் போர்டு' வைக்கச் சொன்னது நினைவிருக்கா? அந்தச் சுற்றறிக்கையில, 4 முதல் 10 வயசுப் பிள்ளைகளோட தினசரி கலோரியில் 13 சதவிகிதம் சர்க்கரையில இருந்து வருதுன்னு குறிப்பிட்டிருந்தாங்க. 11 முதல் 18 வயசுக்கு 15 சதவிகிதம்.

'மில்லட் குக்கீஸ்' கதையும் இதேதான். பாக்கெட் மேலே சாமைப் படம் இருக்கும். பின்னாடி திருப்பினால் சர்க்கரையோ வெல்லமோ முதல் மூணு பெயருக்குள்ள நிக்கும். சாமை பிஸ்கட்டா மாறினா பல்லுக்கு அது பிஸ்கட்தான். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவுல இருந்து நீக்கச் சொல்லி, மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்துல 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே வரையறுக்கப்படலை என்பதுதான் காரணம்.

சரி, வீட்ல என்ன பண்ணலாம்?

பெரிய டயட் சார்ட் எல்லாம் வேண்டாம். உங்க பிள்ளையா இருக்கலாம், அக்கா பிள்ளையா இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குட்டியா இருக்கலாம். இதுல நாலு விஷயம் பிடிச்சாலே போதும்.

* இனிப்பைத் தடை பண்ணாதீங்க, நேரத்தை மாத்துங்க. சாப்பாட்டோட சேர்த்துக் கொடுங்க. நாள் முழுக்க பாக்கெட்டைக் கையில வெச்சுக் கொறிக்க விடாதீங்க. சாப்பாட்டுக்கு நடுவுல பல்லுக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ரெஸ்ட்.

* நாலு மணிப் பசிக்கு அவிச்ச வேர்க்கடலை, சுண்டல், முட்டை, கொய்யா, தேங்காய்ச் சில்லு. மெல்ல மெல்ல எச்சில் ஊறும். எச்சில்தான் இலவச பல் டாக்டர்.

* பழத்தைப் பழமாவே கொடுங்க. ஜூஸ் ஆக்கினால் நார் போய் சர்க்கரை மட்டும் மிஞ்சும். நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க உதவும். சாப்பாட்டோட டீ குடிச்சா அது தடைபடும்.

* 2 வயசு வரைக்கும் சர்க்கரையே சேர்க்காதீங்க. பால் பாட்டிலை வாயில வெச்சுத் தூங்க வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். முன்பற்கள் வரிசையா சொத்தையாக முக்கியக் காரணம் இதுதான்.

* ராத்திரி பிரஷ் கட்டாயம். காலையில மறந்தாலும் ராத்திரி மறக்காதீங்க. அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், 3 வயசுக்குள்ள அரிசி அளவு, 3 முதல் 6 வயசு வரை பட்டாணி அளவு. பேஸ்ட்டைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழு வயசு வரை பெரியவங்க கூட நின்னு தேய்ச்சு விடணும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரா இருந்தா, எந்த பேஸ்ட்னு பல் டாக்டரைக் கேட்டுக்குங்க.

* ஆறு வயசுல ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்க. பால் பற்களுக்குப் பின்னாடி, எந்தப் பல்லும் விழாமலேயே புதுசா ஒரு கடைவாய்ப் பல் முளைச்சிருக்கும். அதைப் பால் பல்னு நினைச்சு விட்டுடுறவங்க நிறைய பேர். அது நிரந்தரப் பல். வாழ்நாள் முழுக்க அது ஒண்ணுதான். சொத்தையில அதிகமா மாட்டுறதும் அதுதான்.

* பாக்கெட்டைத் திருப்புங்க. 4 கிராம் சர்க்கரைன்னா ஒரு டீஸ்பூன். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப்னு இருந்தாலும் சர்க்கரைதான்.

கடைசியா, அடுத்த ட்ரிப்புக்கு ஒரு ரிக்வெஸ்ட்

ஜவ்வாது மலைக்குப் போறப்போ வழியில பிள்ளைங்க கையசைப்பாங்க. வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து, சேர்ந்து ஒரு செல்ஃபி எடுப்போம். மனசுக்கு சந்தோஷமா இருக்கும். நம்ம நோக்கத்துல தப்பு இல்ல. ஆனா ஒரு சனி ஞாயிறுல எத்தனை வண்டி அந்த ரோட்டுல போகும்? வண்டிக்கு ஒரு சாக்லேட்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள்ல எத்தனை? நாம ராத்திரிக்குள்ள மலையிறங்கிடுவோம். பல் வலி அங்கேயே தங்கிடும், அதைப் பார்க்க டாக்டர் இல்லாத ஊர்ல.

கையசைச்சா திரும்பக் கையசைங்க. நின்னு நாலு வார்த்தை பேசுங்க. ஏதாவது செஞ்சே ஆகணும்னு தோணுச்சுன்னா, அந்த ஊர்ல விக்கிற கொய்யாவையும் சீத்தாவையும் பேரம் பேசாம வாங்குங்க. சாமையை ஜமுனாமரத்தூரிலேயே, விளைவிச்சவங்ககிட்டயே நல்ல விலை கொடுத்து வாங்குங்க. வீட்டுக்கு வந்து அதைப் பொங்கலா வெச்சு, உங்க வீட்டுக் குட்டிக்கும் ஒரு தட்டு போடுங்க.

சாமைக்குக் கொள்முதல் விலை வந்துச்சா, மலை ரேஷன் கடையில அது கிடைக்குதா, காலை உணவுல வாரம் ரெண்டு நாள் வருதா, பல் டாக்டர் நாற்காலி மலையேறுச்சா... இந்த நாலு கேள்வியையும் நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். அஞ்சு ரூபா பாக்கெட் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் போக வழி கண்டுபிடிச்சிருக்கு. ஒரு டூத் பிரஷ்ஷும் ஒரு தட்டு சாமைப் பொங்கலும் அங்கே போய்ச் சேர முடியாதா என்ன?